சதுரங்கப் பலகையின் எண்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என இரட்டித்துக்கொண்டே போனால், 64 கட்டங்களுக்கும் சேர்த்து 18446744073709551615 நெல்மணிகள் வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இம்மாதப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டன. வரம் கேட்டவர் யார், கொடுக்க முடியாமல் திகைத்த அரசர் எந்த நாட்டவர் என்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு, எண்ணைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த 20 இலக்க எண்ணை நம் வழக்கப்படி வாய்விட்டுப் படிக்க விரும்புவோர், 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615 என்று படிக்கலாம்.

கேள்வி: அறுபத்து நான்கு எண்களையும் எழுதிக் கூட்டாமல், கால்குலேட்டரும் இல்லாமல், இந்த விடையைத் தாளில் போட்டுப் பார்க்க வழி உண்டா? என் வகுப்பு மாணவர்களிடம் செய்துகாட்ட விரும்புகிறேன்.
(ஆசிரியை, தஞ்சாவூர்)

உண்டு. முதலில் கூட்டலை ஒழித்துவிடலாம். 1, 2, 4, 8 என்ற வரிசையில் எந்த இடத்தில் நிறுத்தினாலும், அதுவரையிலான கூட்டுத்தொகை அடுத்து வரவேண்டிய எண்ணைவிட ஒன்று குறைவாகவே இருக்கும்: 1 + 2 = 3, 1 + 2 + 4 = 7, 1 + 2 + 4 + 8 = 15. எனவே 64 கட்டங்களின் கூட்டுத்தொகை, இல்லாத 65ஆம் கட்டத்தில் வைக்க வேண்டியதைவிட ஒன்று குறைவு. அதாவது 2⁶⁴ − 1. கடைசிக் கட்டத்தில் மட்டும் இருப்பது 2⁶³. அது முந்தைய 63 கட்டங்களும் சேர்ந்ததைவிட ஒரு நெல் கூடுதல் என்பதை மாணவர்களிடம் சொன்னால், அவர்கள் முதலில் நம்பமாட்டார்கள்.

இனி 2⁶⁴ஐக் கண்டுபிடிக்க 64 முறை இரட்டிக்கத் தேவையில்லை. 64 என்பது 2 × 2 × 2 × 2 × 2 × 2 ஆதலால், 2இல் தொடங்கி ஆறு முறை வர்க்கப்படுத்தினால் போதும். 2இன் வர்க்கம் 4, அதன் வர்க்கம் 16, அதன் வர்க்கம் 256, பிறகு 65536, பிறகு 4294967296, கடைசியாக 18446744073709551616. முதல் நான்கு படிகளில் சிரமமே இல்லை. ஐந்தாவது நடுத்தரமான ஒரு பெருக்கல். ஆறாவது மட்டும் பத்து இலக்க எண்ணைப் பத்து இலக்க எண்ணால் பெருக்குவது. பொறுமையுள்ள ஒரு மாணவி ஒரு பாடவேளைக்குள் முடித்துவிடுவாள். விடையிலிருந்து 1ஐக் கழித்தால் நம் எண்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாரசீக அறிஞர் அல்பிரூனி இந்தக் கணக்கைச் செய்தபோது, 16இல் தொடங்கி நான்கு முறை வர்க்கப்படுத்தி ஒன்றைக் கழிக்கும் இதே வழியில்தான் சென்றார். அவர் தந்த விடை ஓர் இலக்கமும் பிசகாமல் நாம் இன்று எழுதும் எண்ணேதான். அவருக்கும் நெடுங்காலம் முன்பே, யாப்பில் குறில் நெடில் அமைப்புகளை எண்ணுவதற்காகப் பிங்கலர் தம் சந்தச் சூத்திரங்களில், அடுக்கு இரட்டையாக இருந்தால் பாதியாக்கி வர்க்கப்படுத்து, ஒற்றையாக இருந்தால் ஒன்றைக் கழித்து இரட்டி என்ற முறையைச் சொல்லியிருக்கிறார். 64ஐப் பாதியாக்கிக்கொண்டே வந்தால் 1 வரும் வரை ஒற்றை எண் எதிர்ப்படுவதே இல்லை. இந்த எண்ணின் பண்புகளில் பெரும்பாலானவை அந்த ஒரு காரணத்திலிருந்தே பிறக்கின்றன.

கேள்வி: இது பகா எண்ணா? இல்லையென்றால் இதன் காரணிகள் யாவை?
(கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

பகா எண் அன்று. கடைசி இலக்கம் 5 என்பதே அதைச் சொல்லிவிடுகிறது. இலக்கங்களைக் கூட்டினால் 87 வருவதால் 3ஆலும் வகுபடும், 9ஆல் வகுபடாது. இதற்குமேல் சோதனை வகுத்தலில் இறங்க வேண்டாம். 20 இலக்க எண்ணுக்கு அது ஓயாத வேலை. எண் எப்படி உருவானது என்பதைப் பார்த்தால், அது தானாகவே பிரியும்.

ஒரு வர்க்கத்திலிருந்து 1ஐக் கழித்தால் வருவது, அந்த வர்க்கமூலத்தைவிட ஒன்று குறைந்த எண்ணும் ஒன்று கூடிய எண்ணும் பெருகிய தொகை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 2⁶⁴ என்பது 2³²இன் வர்க்கம். ஆகவே நம் எண் (2³² − 1) × (2³² + 1). இதில் முதல் காரணியிலும் ஒரு வர்க்கத்திலிருந்து 1 கழிக்கப்பட்டிருப்பதால், அதுவும் (2¹⁶ − 1) × (2¹⁶ + 1) எனப் பிரிகிறது. இப்படியே இறங்கிக்கொண்டு போனால், கழித்தல் குறி உள்ள பக்கம் தேய்ந்து தேய்ந்து 1 ஆகிவிட, கூட்டல் குறி உள்ள ஆறு எண்கள் கையில் நிற்கின்றன: 3, 5, 17, 257, 65537, 4294967297. மேலே சொன்ன ஆறு வர்க்கப் படிகளில், தொடக்க எண்ணான 2உம் முதல் ஐந்து விடைகளும் ஒவ்வொன்று கூடி இங்கே வந்து நிற்பதைக் கவனியுங்கள். வர்க்கப்படுத்தி ஏறிய வழியிலேயே காரணிகளாக இறங்கி வந்திருக்கிறோம்.

இந்த ஆறில் முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதான 4294967297 பகா எண் அன்று. அது 641 × 6700417. எனவே முழுமையான காரணிப்பாடு இது:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. அதனால் 1ஐத் தவிர வேறெந்த வர்க்க எண்ணும் இதை வகுக்காது. இதன் வகுஎண்களின் எண்ணிக்கை, ஏழு இரண்டுகள் பெருகிய 128. ஒரே பகா எண் இரண்டு முறை வராதது தற்செயல் அன்று. ஆறு எண்களில் எதை எடுத்தாலும், அதிலிருந்து 2ஐக் கழித்தால் அதற்கு முந்தையவை அனைத்தின் பெருக்கல் கிடைக்கும்: 17 − 2 = 3 × 5, 257 − 2 = 3 × 5 × 17. ஆகவே இரண்டு எண்களுக்குப் பொதுவான காரணி ஏதேனும் இருந்தால் அது 2ஐயும் வகுக்க வேண்டும்; எல்லாமே ஒற்றைப்படை எண்கள் ஆதலால் அது நடவாது.

தன்னைத் தவிர்த்த மற்ற வகுஎண்களின் கூட்டுத்தொகை தனக்கே சமமாக இருக்கும் 6, 28 போன்றவற்றை நிறைவெண்கள் என்பார்கள். நம் எண்ணுக்கு அந்தக் கூட்டுத்தொகை அதன் மதிப்பில் சுமார் 70 விழுக்காட்டோடு நின்றுவிடுகிறது. ஆகவே இது குறை எண்.

2ⁿ − 1 வடிவ எண்கள் எப்போது பகா எண்களாகும் என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். அடுக்கு பகு எண் என்றால் அந்த எண்ணும் பகு எண்ணே. அடுக்கு பகா எண்ணாக இருந்தாலும் உறுதி கிடையாது. 2⁶¹ − 1 பகா எண் என்று 1883இல் இவான் பெர்வூசின் நிறுவினார். 2⁶⁷ − 1 பகா எண் என்று மெர்சென் 1644இல் எழுதியதோ தவறாகிப்போனது. 1903இல் பிராங்க் கோல் அதை 193707721 × 761838257287 என்று பிரித்துக் காட்டினார்.

கேள்வி: 4294967297இன் காரணியான 641 கணிதர் ஆய்லருக்கு எப்படிக் கிடைத்தது? ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்தாரா? மீதமிருக்கும் 6700417 பகா எண் என்பதற்கு என்ன உறுதி?
(கணித ஆர்வலர், யாழ்ப்பாணம்)

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. பதில் சற்று நீளும்.

3, 5, 17, 257, 65537 என்ற வரிசையைக் கண்ட பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா, இதே முறையில் அமையும் எண்கள் எல்லாமே பகா எண்கள் என்ற தம் நம்பிக்கையை 1640இல் கடிதத்தில் எழுதினார். நிரூபணம் அவரிடம் இல்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1732இல், அடுத்த எண்ணான 4294967297 641ஆல் வகுபடுகிறது என்று ஆய்லர் காட்டினார்.

641 வரிசையில் 116ஆம் இடத்தில் உள்ள பகா எண். முறையாக 3இலிருந்து தொடங்கியிருந்தால், அதை எட்டுமுன் நூற்றுக்கும் மேற்பட்ட வகுத்தல்கள் தேவைப்பட்டிருக்கும். அவ்வளவு தேவையில்லை என்பதற்கான காரணம் வருமாறு. ப என்ற பகா எண் 2³² + 1ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 2³²ஐ ‘ப’ஆல் வகுத்தால் மீதி −1, அதாவது மீதியின்றி வகுபட ஒன்று குறைகிறது. அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴இன் மீதி 1. 2இன் அடுக்குகளை ‘ப’ஆல் வகுக்கும்போது மீதி 1 முதன்முதலில் வரும் இடம், 1 வரும் எல்லா இடங்களையும் வகுக்க வேண்டும். எனவே அது 64இன் வகுஎண். ஆனால் 32ஆவது அடுக்கில் மீதி −1 என்பதால், முதல் இடம் 32ஆகவோ அதன் வகுஎண்ணாகவோ இருக்க முடியாது. அது 64 மட்டுமே. இன்னொரு பக்கம், (ப − 1)ஆவது அடுக்கில் மீதி 1 வந்தே தீரும் என்பது ஒரு தேற்றம். ஆகவே ப − 1 என்பது 64இன் மடங்கு.

அந்தத் தேற்றத்துக்கு ஃபெர்மாவின் சிறிய தேற்றம் என்று பெயர். அதை அவர் எழுதியதும் 1640ஆம் ஆண்டிலேயே. தம் ஊகத்தை வீழ்த்தும் கருவி அவர் கையிலேயே இருந்தது.

64இன் மடங்கைவிட ஒன்று கூடிய எண்களில் பகா எண்களை மட்டும் எடுத்தால் 193, 257, 449, 577, 641 என்று வரிசை அமைகிறது. 257 முன்னரே வந்த எண் ஆதலால், மேலே சொன்ன பொதுக்காரணி விதிப்படி அதை விட்டுவிடலாம். 193, 449, 577 மூன்றும் பொய்க்க, நான்காவது வகுத்தலில் 641 அகப்படுகிறது. நூற்றுக்கு மேல் இருந்த வேலை நான்காகச் சுருங்கிவிட்டது.

வகுத்துப் பார்க்காமலேயே 641ஐ உறுதிசெய்யும் ஒரு வழியும் பின்னாளில் பாடநூல்களில் இடம்பெற்றது. 641ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 2⁷ + 1 என்றும், 5⁴ + 2⁴ என்றும். முதலாவதின்படி, 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷இன் மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாவதின்படி 5⁴ உள்ள இடத்தில் −2⁴ஐ வைக்கலாம். வைத்தால் −2³²இன் மீதி 1 என்றாகிறது. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும். 4294967297 என்ற எண்ணை ஒரு முறைகூட எழுதாமல் அதன் காரணியை நிறுவிவிட்டோம்.

இனி 6700417. இதன் வர்க்கமூலம் 2588க்குச் சற்று மேல். அது வரையிலான பகா எண்களால் வகுபடாவிட்டால் இது பகா எண். இதன் காரணிகள் 2³² + 1இன் காரணிகளும் ஆகவேண்டும் என்பதால் ப − 1 என்பது 64இன் மடங்கு என்ற மேற்கண்ட நிபந்தனை இங்கும் செல்லும். பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா 1878இல் அந்த நிபந்தனையை இன்னும் இறுக்கி, காரணிகள் 128இன் மடங்கைவிட ஒன்று கூடியவையாகவே இருக்க வேண்டும் என்று காட்டினார். 2588க்குள் அத்தகைய பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 என்னும் ஐந்தே. 257ஐ முன்போலவே விடலாம். மற்ற நான்கால் 6700417ஐ வகுத்தால் மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதிலும் மீதி பூச்சியம் இல்லை; எனவே பகா எண்தான். தாளை எடுத்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: எக்செல்லில் 2இன் 64ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் 18446744073709600000 என்று காட்டுகிறது. உங்கள் எண் சரியா, கணினியின் எண் சரியா?
(கணக்கர், சென்னை)

கணினி காட்டுவது சரியாக இருக்கவே முடியாது. 2⁶⁴ இரட்டைப்படை எண். அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஒற்றைப்படை எண்தானே வர வேண்டும்? உங்கள் திரையில் உள்ளது பூச்சியத்தில் முடிகிறது.

இங்கே இரண்டு குறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. எக்செல் முதல் 15 இலக்கங்களை மட்டும் காட்டி, மற்ற இடங்களைப் பூச்சியத்தால் நிரப்புவது மேலோட்டமான குறை. அதற்கு அடியில் இருப்பதே பெரிது. அந்த மென்பொருள் எண்களைச் சேமிக்கும் முறையில், எண்ணின் முன்னணியில் உள்ள 53 இரும இலக்கங்களுக்கு மட்டுமே இடம் உண்டு. நம் எண்ணை இரும முறையில் எழுதினால் இடைவெளியின்றி 64 ஒன்றுகள் வரும். 53 இடங்களுக்குள் அவற்றை அடக்க முடியாது. அந்த அளவில், 2⁶⁴க்குச் சற்றுக் கீழே, 2048க்கு ஓர் எண் வீதமே கணினிக்குத் தெரியும். நம் எண்ணுக்கு மிக அருகில் உள்ள தெரிந்த எண் 2⁶⁴. ஆகவே நீங்கள் கழித்த 1 எங்கும் பதிவாகவே இல்லை. வந்த விடையிலிருந்து மறுபடியும் 2⁶⁴ஐக் கழித்துப் பாருங்கள். −1 வருவதற்குப் பதிலாகப் பூச்சியம் வரும்.

சதுரங்கப் பலகையைக் கட்டம் கட்டமாகக் கூட்டிக்கொண்டு போனால் 49ஆம் கட்டம் வரை எக்செல் இலக்கம் தவறாமல் காட்டும்; அதுவரையிலான தொகை 562949953421311, சரியாக 15 இலக்கம். 50ஆம் கட்டத்திலிருந்து கடைசி இலக்கங்களை நம்ப வேண்டாம். வங்கிக் கணக்கில் இவ்வளவு பெரிய தொகை வராது என்பது ஆறுதல். ஆனால் நீண்ட கணக்கு எண்களையும் அட்டை எண்களையும் எண்களாகவே தட்டச்சு செய்பவர்களுக்கு இதே 15 இலக்க எல்லைதான் கடைசி இலக்கத்தைப் பூச்சியமாக்கி வைக்கிறது. அவற்றை எழுத்துவடிவமாக உள்ளிடுவதே நல்லது.

இதே கணினியில் முழு எண்களுக்கென்று தனி வகை ஒன்று உண்டு. 64 பிட் கொண்ட, குறியில்லா அந்த வகையில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் நம் எண்ணேதான்; 64 இடங்களிலும் 1. அதனோடு இன்னொன்றைக் கூட்டினால் அத்தனை இடங்களும் பூச்சியமாகி, எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். எவ்வளவு பெரிய முழு எண்ணையும் பிசகாமல் கையாளும் பைத்தான் போன்ற மொழிகளில் இந்தச் சிக்கலே எழாது.

கேள்வி: இத்தனை நெல் எத்தனை கலம்?
(விவசாயி, மன்னார்குடி)

பழைய வாய்ப்பாட்டின்படி 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 8 ஆழாக்கு ஒரு நாழி. ஆக நாழிக்கு 14,400 நெல். 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். ஆக கலத்துக்கு 13,82,400 நெல். இதனால் வகுத்தால் சுமார் 13 லட்சத்து 34 ஆயிரம் கோடி கலம் வருகிறது. ஒரு நெல்மணியை 25 மில்லிகிராம் என்று கொண்டால் 46,000 கோடி டன். உலகம் முழுவதும் இன்று ஓராண்டில் விளையும் நெல் ஏறத்தாழ 80 கோடி டன் ஆதலால், ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட விளைச்சலை ஒரு மணிகூட உண்ணாமல் சேர்த்து வைக்க வேண்டும். நெல்லின் ரகத்துக்கு ஏற்ப இந்தக் கணக்கு முன்பின் ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: காரணிகளில் 17, 257, 65537 வருகின்றன. கவராயமும் அளவுகோலும் கொண்டு வரையக்கூடிய பலகோணங்களைப் பற்றிப் படித்தபோதும் இதே எண்களைக் கண்டேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
(பட்டதாரி ஆசிரியர், மதுரை)

நெருங்கிய தொடர்பு. 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்கு பலகோணத்தைக் கவராயமும் குறியிடாத அளவுகோலும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று 1796இல், 18 வயதில், ஜெர்மன் கணிதர் காஸ் கண்டார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால், அது வேறுவேறான ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருந்தால் வரையலாம் என்பது அவர் முடிவு; மற்றவற்றை வரைய முடியாது என்பதை 1837இல் பியேர் வான்செல் நிறுவினார். இன்றுவரை அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 என்னும் ஐந்து மட்டுமே. இவற்றைத் தனித்தனியாகவும் சேர்த்தும் எடுத்தால் 31 பலகோணங்கள் கிடைக்கின்றன. அவற்றில் மிகப் பெரியது ஐந்தும் சேர்ந்த 4294967295. அதாவது 2³² − 1, நம் எண்ணின் ஒரு பாதிக் காரணி.

நம் எண்ணின் 128 வகுஎண்களில் 1ஐ நீக்கினால் எஞ்சுவன 127. அவற்றுள் அந்த 31 வரையக்கூடியவை. 641ஓ 6700417ஓ கலந்த மற்ற 96உம் வரைய முடியாதவை. 18446744073709551615 பக்கங்கள் கொண்ட பலகோணமும் இந்தப் பின்வரிசையைச் சேர்ந்தது. ஃபெர்மாவின் ஊகம் மெய்யாகி 4294967297 பகா எண்ணாக இருந்திருந்தால் அதையும் வரைந்திருக்கலாம். தாளில் வட்டத்திலிருந்து அதைப் பிரித்தறிய யாராலும் முடியாது என்பது வேறு விஷயம். 65537 பக்கங்களுக்கே, யோகான் ஹெர்மெஸ் பத்தாண்டு உழைத்து 1894இல் ஒரு முறையை முடித்துக் கொடுத்தார். அந்தக் கையெழுத்துப் படி கோட்டிங்கனில் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹலாயுதர் விளக்கிய மேரு பிரஸ்தாரத்தை, பாஸ்கல் முக்கோணம் என்று பாடநூல்கள் சொல்வதை, எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒற்றைப்படை எண்ணுக்கு 1, இரட்டைப்படை எண்ணுக்கு 0 எனக் குறித்து, வரியை ஓர் இரும எண்ணாகப் படியுங்கள். 1 2 1 என்ற வரி 101, அதாவது 5. 1 4 6 4 1 என்ற வரி 10001, அதாவது 17. உச்சியில் உள்ள ஒற்றை 1ஐ விட்டுவிட்டால், முதல் 31 வரிகளும் அந்த 31 பலகோணங்களை ஏறுவரிசையில் பிசகாமல் தருகின்றன. 32ஆம் வரி 4294967297ஐத் தந்து ஒழுங்கைக் குலைக்கிறது. 63ஆம் வரியில் உள்ள 64 எண்களும் ஒற்றைப்படை. படித்தால் நம் எண்.

கேள்வி: காசியில் 64 பொன் தட்டுகளை இடம் மாற்றும் கோயில் ஒன்று உண்டென்றும், அதிலும் இதே எண் வருகிறதென்றும் கேள்விப்பட்டேன். உண்மையா?
(இல்லத்தரசி, திருநெல்வேலி)

கோயில் கற்பனை, எண் உண்மை. முன்னர்ச் சொன்ன அதே லூக்கா 1883இல் ஒரு புனைபெயரில் வெளியிட்ட ஹனோய் கோபுரம் என்ற புதிரோடு ஒட்டிப் பரவிய கதை அது. மூன்று கம்பங்கள், ஒரு கம்பத்தில் பெரியது அடியிலும் சிறியது மேலுமாகத் தட்டுகள், ஒரு முறைக்கு ஒன்றாக, சிறியதன்மேல் பெரியதை வைக்காமல், எல்லாவற்றையும் வேறொரு கம்பத்துக்கு மாற்ற வேண்டும். தட்டு ஒன்று கூடினால், மேலே இருப்பவை அனைத்தையும் ஒரு முறை அகற்றி, அடித்தட்டை நகர்த்தி, பிறகு மறுபடியும் எல்லாவற்றையும் அதன்மேல் அடுக்க வேண்டியிருப்பதால், நகர்த்தல்களின் எண்ணிக்கை இரட்டித்து ஒன்று கூடும்: 1, 3, 7, 15. அதனால் 64 தட்டுகளுக்கு நம் எண். நொடிக்கு ஒன்று வீதம் நகர்த்தினால் சுமார் 58,450 கோடி ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள்.

கேள்வி: இந்த எண்ணின் இருபுறத்து அண்டை எண்களுக்கும் இவ்வளவு சிறப்பு உண்டா?
(பொறியாளர், சிங்கப்பூர்)

முன்னால் உள்ள 18446744073709551614 என்பது 2 × (2⁶³ − 1). அதன் காரணிகள் 2, 7, 7, 73, 127, 337, 92737, 649657. 7 இரண்டு முறை வருவதைத் தவிர அதில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. பின்னால் உள்ள 2⁶⁴இல் இரண்டுகளைத் தவிர வேறு காரணியே இல்லை.

அதற்கும் அடுத்த 18446744073709551617தான் கதையே உள்ள எண். 2⁶⁴ + 1 ஆகிய இது ஃபெர்மா வரிசையில் 4294967297க்கு அடுத்தது. நம் எண்ணைவிட இரண்டே கூடுதல், அதே 20 இலக்கங்கள். ஆனால் வர்க்கத்திலிருந்து 1ஐக் கழித்தால் பிரிந்துகொடுக்கும் சூத்திரம், 1ஐக் கூட்டினால் கைவிட்டுவிடுகிறது. நம் எண்ணின் காரணிகளை ஒரு பள்ளி மாணவர் ஒரு மாலையில் கண்டுவிடலாம். இதன் காரணிகளை 1855இல் தாமஸ் கிளௌசன் காஸுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருந்தும் அது பரவலாகத் தெரியவரவில்லை. 1880இல், 82 வயதில், ஃபோர்த்யூனே லாந்த்ரி தாமாகவே அவற்றைக் கண்டு அறிவித்தார்:

18446744073709551617 = 274177 × 67280421310721

லூக்காவின் நிபந்தனை இங்கே 256இன் மடங்கைவிட ஒன்று கூடுதல் என்றாகிறது. 274177 என்பது 256 × 1071 + 1. சிறிய காரணியைத் தேடிப்பிடிப்பதைவிடக் கடினமானது, எஞ்சும் 14 இலக்க எண் பகா எண் என்று காட்டுவது. 6700417க்கு நான்கு வகுத்தல்கள் போதுமாயிருந்தன. இதற்கோ வர்க்கமூலம் 82 லட்சத்தைத் தாண்டுகிறது. அதற்குள் 256இன் மடங்கைவிட ஒன்று கூடிய எண்கள் 32,000க்கு மேல் உள்ளன. அவற்றில் பகு எண்களைக் கழித்துவிட்டாலும் வகுத்துப் பார்க்க வேண்டிய பகா எண்கள் ஆயிரக்கணக்கில் மிஞ்சும்.